நாலு சக்கரமும் கட்டிலுக்கு அடியில்

படுக்கப் போகும் முன் மனிதர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியார் காரின் சக்கரங்களைக் கழற்றுவார். நாலையும் கழற்றி, ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நட்டுகளை வீட்டுக்குள் வேறு வேறு இடத்தில் ஒளித்துவிட்டுத்தான் கை கழுவுவார். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் மறுபடி மாட்டுவார். மாட்டிய காரில் ஆபீசுக்குப் போவார். ஆபீஸ் கால் மைல் தூரம்.

அது மலாயாவை வெள்ளைக்காரன் ஆண்ட எமர்ஜென்சி காலம். லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், காட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு பட்டாளம், நடுவில் துப்பாக்கி இல்லாமல் நாங்கள். வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு அதைப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு வெள்ளைக்காரத் துரையின் வண்டியானாலும் உள்ளே வெளியே போகக் கூடாது. பூட்டுகிற ஜாகா, அதாவது காவல்காரன், நான்தான். என்னிடம் ஒரு சாவி, ஒரு விசில், ஒரு தடி இருந்தன. யாராவது வந்தால் முதலில் விசில் ஊத வேண்டும், அப்புறம் தடியால் அடிக்க வேண்டும் என்று மலாய் சார்ஜன் சொல்லிக் கொடுத்தார். விசில் ஊதியதும் ஓட வேண்டும் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

கிராணியார் வீடு கேட்டுக்கு எதிரிலேயே இருந்தது. அதனால் அவருடைய பயங்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் முதல் சாட்சி.

தோட்டத்திலிருந்து சாப்பாடு எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று அப்போது ஒரு சட்டம். பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியை எல்லாம் நான் திறந்து பார்க்க வேண்டும். கிராணியாரை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் காரை நிறுத்தி, இறங்கி, என் முன்னால் வந்து நின்று வாயை ஆவென்று திறப்பார்.

“பாருப்பா. நல்லா பாரு. உள்ள ஒண்ணும் இல்லல?”

“இல்லீங்கய்யா.”

“கடவாய்ப் பல்லுப் பக்கம் பாத்தியா? காலையில இட்லி சாப்பிட்டேன்.”

மூன்று வருஷம் நான் அந்த வாய்க்குள் பார்த்திருக்கிறேன். எத்தனை பல் சொத்தை என்று அவர் பெண்டாட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஐசி என்கிற அடையாள அட்டையை அவர் மெழுகுத் துணியில் சுற்றி, அதைத் தகர டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு பையில் வைத்து, பையை வேட்டிக்குள் இடுப்போடு கட்டியிருப்பார். மஸ்ஜித் தானா போகிற வழியில் செக்போஸ்ட்டில் “ஐசி” என்று கேட்டால் போதும், நடுரோட்டில் நின்று வேட்டியை அவிழ்க்கத் தொடங்குவார். பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கும். கொஞ்ச நாளில் அவர் காரைத் தூரத்தில் பார்த்ததுமே போலீஸ்காரர்கள், “ஜாலான், ஜாலான், போலா!” என்று கையை வீசி விரட்டினார்கள். செக்போஸ்ட்டில் யாரையாவது நிறுத்தாமல் விட்டார்கள் என்றால் அவரை மட்டும்தான்.

சக்கரம் ஏன் கழற்றுகிறார் என்று நான் ஒருநாள் கேட்டே விட்டேன்.

“ஜப்பான்காரன் காலத்துல என் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஏன்டா எடுத்தேன்னு கேட்டேன். ரெண்டு சக்கரம் இருந்துச்சு, அதான் எடுத்தேன்னு சைகையில காட்டினான். அன்னைக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். சக்கரம் இருந்தாத்தான் வண்டி. இல்லாட்டி அது வெறும் பெட்டி. பெட்டிய எவன் தூக்குவான்?”

“காட்டுல இருக்கவங்க வந்து வண்டிய எடுத்துட்டுப் போவாங்கன்னு பயமா?”

“எடுத்துட்டுப் போனாக்கூடப் பரவால்ல. ‘இவன்தான் குடுத்தான்’னு போலீஸ் சொல்லும் பாரு, அதுதான் பயம்.”

இந்தப் பதிலில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. எனக்கு எல்லோருடைய பதிலிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றும். அதனால்தான் சார்ஜன் என்னை ஜாகா வேலைக்கு மேல் ஏற்றவில்லை.

ஒரு காலையில் அவருடைய பழைய ஸ்பானர் வழுக்கி, நட்டின் மூலை மழுங்கிப் போயிற்று. சக்கரம் மாட்ட முடியாமல் அரை மணி நேரம் தாமதமாக ஆபீசுக்குப் போய்த் துரையிடம் திட்டு வாங்கினார். நடந்து போயிருந்தால் ஆறு நிமிஷம். அடுத்த லீவு நாளிலேயே புது ஸ்பானர் வாங்க மலாக்கா டவுனுக்குக் கிளம்பினார். துணைக்கு நான்.

“ஸ்பானரப் பத்தி எனக்கு என்னாங்க தெரியும்?”

“அதுக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். தெரிஞ்சவன் அவனுக்குத் தோதானத வாங்கச் சொல்வான்.”

இரும்புச் சாமான் கடையின் சீன முதலாளித் தவுக்கே மூன்று ஸ்பானர்களை எடுத்து மேசையில் வைத்தார். வேறு யாராக இருந்தாலும் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் காரைக் கடை வாசலில் நிறுத்தி, ஜாக்கி போட்டு, ஒவ்வொன்றாலும் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

முட்டி மடக்கிய ஒற்றைக் கால் மாதிரி வளைந்திருந்த முதல் ஸ்பானரின் கைப்பிடியில் ஏறி நின்றார். நட்டு சட்டென்று இளகியது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்து எடுத்துப் போட வேண்டியிருந்தது. “பலம் இருக்கு, வேகம் இல்ல,” என்றார். இரண்டாவதன் கைப்பிடி வளைந்து வளைந்து போகும், ஐஸ்காரர் மிஷின் மாதிரி சுழற்றலாம். இளகிய நட்டை அது பம்பரமாகச் சுற்றியது, இறுகிய நட்டை அசைக்கக்கூட இல்லை. “வேகம் இருக்கு, பலம் இல்ல.” இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. விபத்து என்று நினைத்து ஒருவர், யாருக்கு அடி என்று என்னிடம் கேட்டார். தவுக்கேக்குத்தான் என்றேன்.

மூன்றாவதை அவர் கையில் எடுக்கும் முன்பே தவுக்கேயின் பொறுமை போய்விட்டது. “அங்கே போய்ப் பாருங்க, உங்களுக்கு வேண்டியது அங்கதான் இருக்கு,” என்று மலாயில் சொல்லி, தெருமுனையில் இருந்த பட்டறையைக் காட்டினார். பட்டாளத்து லாரிகளை ரிப்பேர் செய்கிற இடம் அது.

உள்ளே ஒருவன் தடித்த ரப்பர்க் குழாய் மாட்டிய பெரிய துப்பாக்கி மாதிரி ஒன்றை லாரிச் சக்கரத்தில் வைத்து அழுத்தினான். டட்டட்டட்டட்டட்! நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? பக்கத்து லாரிக்கு அடியில். விசில் வாயில் இருந்தது, ஆனால் ஊதுகிற அளவுக்கு உள்ளே காற்று இல்லை. வெளியே எட்டிப் பார்த்தால் கிராணியார் அசையாமல் நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு பக்தி.

“காத்துல அடிச்சே கழட்டுதுப்பா! ஒரு நிமிஷத்துல ஆறு நட்டு!”

பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே பின்னால் இருந்த எஞ்சினையும் காற்றுத் தொட்டியையும் காட்டினார். தொட்டி ஒரு எருமை அளவு. கிராணியார் அதை முன்னும் பின்னும் ஜாண் போட்டு அளந்தார். எனக்குப் பகீரென்றது. சமையல்கட்டில் இடம் இருக்குமா என்று யோசிக்கிறார்!

“ஐயா, இதச் சாயங்காலம் நம்ம தோட்டத்துல வெச்சு ஒரு அழுத்து அழுத்துனீங்கன்னா, இந்தப் பக்கம் பட்டாளம் சுடும், அந்தப் பக்கம் காட்டுக்காரன் சுடுவான். நட்டு கழண்டிரும். யாரு மாட்டுறதுலா?”

அவர் பெருமூச்சு விட்டார். கடைக்குத் திரும்பினோம். மூன்றாவது ஸ்பானர் சிலுவை மாதிரி இருந்தது. நாலு கை, நாலு முனை, நாலு அளவு. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினால் இறுகிய நட்டு இளகியது. விட்டுச் சுண்டினால் தானாகச் சுற்றியது. சத்தமும் இல்லை.

“நம்ம வண்டிக்கு ஒரு அளவு போதுமே, மத்த மூணு முனை எதுக்குங்க?” என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது.

“வேற வண்டி வந்தா?” என்றார்.

“வேற வண்டி வந்தா நமக்கு என்னாங்க?”

அவர் தவுக்கேயிடம் காசை எண்ணிக் கொடுத்தார். அதையே வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாதது ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அவருடைய மகள். இருபத்து மூன்று வயது, கெட்டிக்காரி, எதற்கும் பயப்படாதவள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை அப்பாவின் ஜாக்கிரதை கலைத்துவிட்டது. முதல் மாப்பிள்ளையிடம் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார், சரி. மாப்பிள்ளையின் அப்பாவிடமும் கேட்டார். இரண்டாமவனை முற்றத்தில் முன்னும் பின்னும் நடக்கச் சொல்லி, இரண்டு காலும் ஒரே நீளமா என்று குனிந்து பார்த்தார். மூன்றாவதாக, பத்து பெரண்டாம் என்ற ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் பையனின் போட்டோவை அனுப்பியது. அன்று முதல் அவள் தினமும் கேட்டுக்கு வந்து, “அண்ணே, தபால் வந்துச்சா?” என்று கேட்பாள். பெண் பார்க்க வருகிறோம் என்று கடிதம் வந்த நாளில் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னதை நானே கேட்டேன்.

“அப்பா, இதுவும் போச்சுன்னா நான் இன்னொருத்தர் முன்னால காப்பித் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். சர்ட்டிபிகேட் கேக்காதீங்க, நடக்கச் சொல்லாதீங்க. பேசாம இருங்க. அது போதும்.”

“பேசவே மாட்டேம்மா,” என்று அவர் சத்தியம் செய்தார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். அதுதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பச்சை நிறக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா. கார் பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளைதான் ஓட்டினான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். தோட்டத்துக் கணக்கில் பெயர் இல்லாதவர்கள் ஐந்து மணிக்குள் வெளியேறிவிட வேண்டும், தங்கினால் போலீஸ் ஸ்டேஷன்தான் என்று நான் கேட்டிலேயே சொல்லியிருந்தேன். அதற்கும் மேலே, பெண் பார்க்க வந்த வீட்டில் இரவு தங்கினார்கள் என்றால் ஊர் என்ன பேசும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டின் நடுவில் கிராணியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்பக்கமாகப் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி கை கழுவினார். மூன்றாவது தடவையும் எழுந்தபோது மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. நாலாவது தடவை திரும்பி வந்ததும், “அண்ணே, கூச்சப்படாதீங்க. வயித்தால போறது எல்லாருக்கும் வர்றதுதான்,” என்று சொல்லி, தானே அடுப்படிக்குப் போய் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து குடிக்க வைத்து, அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்துவிட்டாள். “அஞ்சு நிமிஷம்கூட எழுந்திரிக்கப்படாது, சொல்லிட்டேன்.”

அவர் எங்கே போய்விட்டு வந்தார் என்று வெளியே இருந்த எனக்குத் தெரியும். நாலு தடவை, நாலு சக்கரம். தன் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்குத் தான்தானே பொறுப்பு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நாலு மணிக்கு எல்லோரும் காப்பி குடிக்கும்போது நைசாக மாட்டிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. இப்போது ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு, எழுந்திருக்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல், சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். மூன்று வருஷமாக அந்த வாசலில் சக்கரம் கழற்றுவதைப் பார்த்துப் பார்த்து, கார் என்று ஒன்று இருந்தால் சக்கரத்தைக் கழற்றுவார்கள் என்று என் புத்தியில் பதிந்துவிட்டது. யாருடைய கார் என்று நான் யோசிக்கவே இல்லை. அதைவிட வெட்கம், நாலாவது சக்கரத்தைப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் உருட்டியதே நான்தான்.

நாலு இருபதுக்கு, செக்போஸ்ட்டில் கூட்டம் இருக்கும், இப்போதே கிளம்பலாம் என்று விருந்தாளிகள் எழுந்து வெளியே வந்தார்கள். பச்சைக் கார் நாலு மரக்கட்டைகள் மேல் கால் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை குனிந்து காருக்கு அடியில் பார்த்தான். பிறகு மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, “யோவ் ஜாகா! கேட்ல நின்னுக்கிட்டு என்னாய்யா பண்ணுன?” என்று கத்தினார்.

“பாத்துக்கிட்டுதாங்க இருந்தேன்,” என்றேன். உண்மை அதுதான்.

கிராணியார் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “நான்தான் கழட்டுனேன். ஒரு பாதுகாப்புக்கு...”

“பாதுகாப்பா? பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லாம இங்கேருந்து போவ முடியாதா? நான் சம்பந்தம் பேச வந்தேனா, சிறையில மாட்ட வந்தேனாய்யா?”

“இப்ப மாட்டிருவேங்க. நட்டுதான்...” அவர் கை நெற்றிக்குப் போனது. ஓமத் தண்ணீரோ பயமோ, எந்தச் சக்கரத்து நட்டை எங்கே வைத்தோம் என்பது மறந்துவிட்டது. ஸ்பானரை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றார். நாற்பது நிமிஷம் இருந்தது. என் கையில் சாவி இருந்தது. அது அவ்வளவு கனமாக இருந்ததே இல்லை.

அப்போது அந்தப் பெண் வெளியே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது அழுகையா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டுப் புடவைக் கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகினாள். அப்பா கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி, வீட்டுக்குள் இருந்த அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அம்மா! அரிசி டின்னுல பாருங்க, மஞ்சள் டப்பாவுல பாருங்க. அப்பாவோட மழச் செருப்புக்குள்ள பாருங்க. நாலாவது செட் சாமி விளக்குக்குப் பின்னால இருக்கும். அண்ணே, என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சக்கரத்த உருட்டுங்க!”

உருட்டினேன். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைத் தூக்கி வைத்து, நட்டுகளை விரலால் சுழற்றி, ஸ்பானரைச் சுண்டினாள். ஒரு நட்டு, அதற்கு எதிர் நட்டு, மறுபடி இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி முடுக்கினாள். தினமும் காலையில் அப்பா பல் துலக்குவதற்கு முன்னால் மாட்டுகிற சக்கரங்களில் பாதி இவள் மாட்டியவை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாவது சக்கரத்துக்கு வரும்போது மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஜாக்கியைப் பிடித்தான்.

“நான் முடுக்கட்டா?” என்றான்.

“வேணாம். நட்ட எடுத்துக் குடுங்க.”

கொடுத்தான்.

“இது இல்ல. மஞ்சள் ஒட்டியிருக்குல்ல, அது முன் சக்கரத்து நட்டு. அரிசி ஒட்டியிருக்கிறத குடுங்க.”

கொடுத்தான். அதன் பிறகு அவள் கேட்காமலே சரியானதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அவன் அம்மா பெண்ணைப் பார்த்தாள். கிராணியார் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது சக்கரத்து நட்டை மட்டும் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, “இன்னும் அரைச் சுத்து,” என்று முணுமுணுத்தார். மகள் ஒரு பார்வை பார்த்தாள். சத்தியம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பச்சைக் கார் கேட்டைத் தாண்டியது. மாப்பிள்ளையின் அப்பா முகம் சார்ஜன் முகம் மாதிரி இருந்தது. நான் விசில் ஊதிக் கேட்டைப் பூட்டினேன்.

நாலு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. மகள் சோறு போடுவாள், தட்டு சத்தம் மட்டும் கேட்கும். கிராணியார் ஆபீசுக்குப் போகும்போது கேட்டில் இறங்கி வாயைத் திறந்து காட்டுவதைக்கூட விட்டுவிட்டார். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து பெரண்டாம் முத்திரையோடு தபால் வந்தது. அப்படித்தான் தபால்காரர் சொன்னார். நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். கிராணியார் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டத்தில் எல்லோருடைய கடிதத்தையும் படித்துச் சொல்கிறவர், அதை என்னிடமே நீட்டினார்.

“நீ பிரிச்சுப் பாரு.”

“எனக்குத்தான் எழுத்து தெரியாதேங்க.”

“அதனாலதான் குடுக்குறேன். கெட்ட சேதியா இருந்தாலும் உனக்குத் தெரியாது பாரு.”

பிரித்தேன். தலைகீழாகப் பிடித்தேனா நேராகப் பிடித்தேனா தெரியாது. ஆனால் கடிதம் படிக்கிறவர்கள் எப்படி முகத்தை வைத்துக்கொள்வார்கள் என்று தெரியும். அப்படி வைத்துக்கொண்டு மெதுவாகத் தலையை ஆட்டினேன். அவருக்கு வியர்த்துவிட்டது.

“என்னா... என்னா போட்டிருக்கு?”

“எழுத்து நல்லா குண்டு குண்டா இருக்குங்க.”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மகள் வந்து என் கையிலிருந்து பிடுங்கினாள். சத்தமாகப் படித்தாள். நல்லாத்தான் தொடங்கினாள், போகப் போக வெட்கத்தில் குரல் குறைந்தது.

“பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பெண்கள் தலை குனிந்து காப்பி கொடுத்தால் முகமே தெரிவதில்லை, சக்கரம் மாட்டும்போது நன்றாகப் பார்க்க முடிந்தது என்று பையன் சொல்கிறான். தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் வருவோம்.”

கிராணியார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏம்பா, பஸ்ஸுக்கு எத்தன சக்கரம்?”

மகள் உள்ளே போனாள். திரும்பி வந்து அந்தச் சிலுவை ஸ்பானரை என் கையில் வைத்தாள். “அண்ணே, தை மாசம் முடியிற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும். யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாது.”

“அப்ப நம்ம வண்டி?” என்றார் அவர், வாங்கிக் கொடுத்த பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி.

“நிக்கட்டும்ப்பா. ஊர்ல நிக்கிற வண்டி மாதிரி நம்ம வண்டியும் நிக்கட்டும்.”

அன்று சாயங்காலம் விசில் ஊதிக் கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கார் நாலு சக்கரத்தோடும் வாசலில் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டு, மடியில் துண்டை விரித்துக்கொண்டு கிராணியார் அமைதியாக உட்கார்ந்திருந்தார். மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்து, நல்ல வார்த்தை நாலு சொல்லலாமென்று கிட்டே போனேன்.

துண்டுக்கு அடியில் ஏதோ வட்டமாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டார்.

“சத்தம் போடாதப்பா,” என்றார். “ஸ்டியரிங்தான். இதுக்கு அந்த ஸ்பானர் தேவைப்படல.”